ஓரம் வெட்டிய கொடிகள்

விசாரணை மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு. அப்பா முதல் நாள் சாயங்காலமே கடிதத்தை எழுதி முடித்துவிட்டார். குற்றத்தை ஒப்புக்கொள்ள அவ்வளவு அழகான கையெழுத்து தேவையில்லைதான். ஆனால் அப்பா எதையும் ஏனோதானோ என்று செய்கிற ஆள் இல்லை. கோடு போட்ட தாளில் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அம்மாவையும் மகளையும் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் உட்காரவைத்து வாசித்துக் காட்டினார்.

நீர் வாரிய வட்டார அலுவலகத்தில் கடைநிலை ஊழியனாகிய நான், இம்மாதம் ஒன்பதாம் தேதி மழை தொடங்கிய பின் மூன்று நிமிடம் தேசியக் கொடியை நனையவிட்டேன். அதனால் கொடியில் கறை படிந்தது. இது முழுக்க என் கவனக்குறைவு. தாங்கள் தரும் எந்தத் தண்டனையையும் ஏற்றுக்கொள்கிறேன்.

"எந்தத் தண்டனையையும்னு நீங்களே எடுத்துக் குடுக்கணுமா?" என்றாள் அம்மா. "அவங்களுக்கு யோசிக்கத் தெரியாதா?"

அப்பா தாளின் மடிப்பை நகத்தால் நீவினார்.

"உங்கப்பாவுக்குக் கொடிதான் மூத்த பிள்ளை" என்று அம்மா மகள் பக்கம் திரும்பினாள். "நீ ரெண்டாவது. நான் அந்த வரிசையிலயே இல்ல."

வேறொரு நாளாக இருந்தால் மூவரும் சிரித்திருப்பார்கள். இது இருபத்தொன்பது வருடமாக அந்த வீட்டில் ஓடுகிற பழைய பகடி. அலுவலகத்து மாடியில் காலையில் கொடியை ஏற்றுவதும் மாலையில் இறக்குவதும் அப்பாவின் வேலை. மாடிக்கு நாற்பத்திரண்டு படி. கடைசிப் படியில் செருப்பைக் கழற்றிவிடுவார். கொடி இறங்கி, மடிந்து, மரப்பெட்டிக்குள் போகும்வரை உட்கார மாட்டார், சாய மாட்டார், யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். முழங்கால் தேய்ந்து போய் மூன்று வருடம் ஆகிறது. மாடிப் பொறுப்பை வேறு யாருக்காவது மாற்றித் தருகிறேன் என்று மேலதிகாரி சொன்னபோது, தன்னை வேலையை விட்டே அனுப்புகிறார்கள் என்று நினைத்து அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

ஒன்பதாம் தேதி மழை சொல்லிக்கொண்டு வரவில்லை. அப்பா கீழே கோப்பு தைத்துக்கொண்டிருந்தார். முதல் துளி ஜன்னலில் விழுந்ததும் எழுந்து ஓடினார். ஓடினார் என்பது அவர் சொன்னது. அந்தக் காலை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் எப்படி ஏறியிருப்பார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவர் மேலே போய்ச் சேர்வதற்குள் கொடியின் நடுவிலிருந்த நீலச் சின்னம் கரைந்து, வெள்ளைப் பகுதி முழுக்கக் கோடுகோடாக வழிந்திருந்தது. எதிர்க் கட்டடத்தில் யாரோ அதைப் போனில் படம் எடுத்தார்கள்.

படம் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. முதலில் கொடியைக் காயப்போடத் தெரியாத அலுவலகம் என்று கேலி செய்தார்கள். அடுத்த நாள் கொடியில் மை ஊற்றியவன் என்று எழுதினார்கள். மூன்றாம் நாள் பேருந்தில் ஒருவன் அப்பாவை அடையாளம் கண்டுகொண்டு, யார் சொல்லி இதைச் செய்தாய் என்று சட்டையைப் பிடித்தான். அப்பா தற்காலிகப் பணிநீக்கத்தில் இருந்தார். ஓய்வு பெற இன்னும் நான்கு மாதம். குற்றம் நிரூபணமானால் நிரந்தரமாக வீட்டுக்கு. அதோடும் விடாது. கொடியை அவமதித்தவர் என்று காவல் நிலையத்துக்கும் ஒரு காகிதம் போகும்.

இத்தனையும் தெரிந்த மகளுக்கு இன்னொன்றும் தெரியும். ஆறு நாளாக அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

அவள் வேலை பார்ப்பது துணிப் பரிசோதனை ஆய்வகம் ஒன்றில். திரைச்சீலை, காலுறை, மருத்துவமனைப் போர்வை, எது வந்தாலும் தோய்த்து, தேய்த்து, காயவைத்து, சாயம் எவ்வளவு தாங்குகிறது என்று ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண் போடுவார்கள். அரசாங்க அலுவலகங்களுக்குப் போகிற கொடிகளும் அங்கேதான் வரும். ஒரு பேட்சுக்கு ஒரு கொடி. அந்தப் படத்தை அவள் போனில் பெரிதாக்கிப் பார்த்தாள். கயிறு கோக்கும் பட்டியில் ஒரு சின்ன முத்திரை இருந்தது. பேட்ச் நூற்றுப் பதினெட்டு. பக்கத்தில் பரிசோதித்தவரின் முதலெழுத்துகள் இரண்டு. இரண்டும் அவளுடையவை.

விதி எளிமையானது. கொடியில் எத்தனை நிறம் உண்டோ அத்தனையிலும் ஒரு துண்டு வெட்டிச் சோதிக்க வேண்டும். மேலே சிவப்பு, கீழே வெள்ளை, வெள்ளையின் நடுவே நீலச் சின்னம். சிவப்பையும் வெள்ளையையும் அவள் ஓரத்திலிருந்து வெட்டிக்கொள்வாள். ஓரம் போனால் கொடி இரண்டு விரல் சின்னதாகும், அவ்வளவுதான். சின்னத்துக்கு அப்படி ஓரம் கிடையாது. நடுவில்தான் கத்தரிக்கோலை வைக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் வைத்துப் பார்த்தாள். கை மடங்கவில்லை. அறையில் வேறு யாரும் இல்லை. வெள்ளைப் பஞ்சுத்துணியை நனைத்துச் சின்னத்தின் மேல் ஒரு நிமிடம் அழுத்தி எடுத்தாள். நீலம் ஒட்டவில்லை. நான்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அன்று பிழைத்துக்கொண்டது மூன்று வருடத்துக்குப் பழக்கமாகிவிட்டது.

கொட்டுகிற மழையில் வழிகிற சாயம்கூட ஈரத்துணி தொட்ட உடனே வாயைத் திறக்காது. ஈரம் வேண்டும், பாரம் வேண்டும், உடம்புச் சூடு வேண்டும், நான்கு மணி நேரம் வேண்டும். இதை அவள் பட்டப்படிப்பிலேயே படித்திருக்கிறாள். தேர்வில் எழுதி முழு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறாள்.

சோதித்து முடித்த துணி மாதக் கடைசியில் கழிவுச் சாக்குக்குப் போகும். கால்மிதி, பழைய காலுறை எல்லாம் கிடக்கிற சாக்கு அது. அதிலும் கொடியைப் போட அவளால் முடியவில்லை. ஓரம் வெட்டிய கொடிகளை மடித்துச் சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பழுப்பு நிறப் பெட்டி ஒன்றில் அடுக்கி அலமாரியின் தலையில் வைத்தாள். கட்டிலுக்கு அடியில் இடம் இருந்தது. கொடியின் மேல் கால் நீட்டிப் படுக்க மனசு வரவில்லை.

இந்தக் குணம் அவளுக்கு யாரிடமிருந்து வந்தது என்று யாரும் ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை. எதிரே உட்கார்ந்து கடிதத்தை உறையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா" என்றாள். "மூணு நிமிஷ மழைக்கு எந்தச் சாயமும் கரையக் கூடாது. துணி சரியில்ல."

"சும்மா இரு பாப்பா."

"நெஜமாத்தான். கொடியிலதான் குறை. அப்படி எழுதுங்க."

அப்பா உறையை மேசையில் வைத்தார். கோபப்படத் தெரியாத மனிதர் அவர். கோபம் வந்தால் குரல் இன்னும் தாழும்.

"நான் தப்பிக்கணும்னு கொடி மேல பழி போடச் சொல்றியா?"

"பழி இல்லப்பா. அது ஒரு துணி. துணியில சாயம் சரியா ஏறல."

"அது துணியா?" என்றார் அப்பா.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மூன்று வருடமாக அவளாலேயே சொல்ல முடியாத வார்த்தையை அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள்.

அம்மா குறுக்கே வந்தாள். பெண் படித்தவள், அவள் சொல்வதைக் காதில் வாங்கிக்கொண்டால் கிரீடம் ஒன்றும் இறங்கிவிடாது என்றாள். அப்பா சிரித்த மாதிரி இருந்தது. பிறகு அவராகவே பேசினார். புதுக் கொடிகள் எட்டாம் தேதி வந்தன. தேசிய நாளன்று ஏற்றுங்கள் என்று குறிப்பு இருந்தது. எல்லா அலுவலகத்திலும் அப்படியே எடுத்து வைத்துவிட்டார்கள். அப்பா மட்டும் மறுநாள் காலையிலேயே ஏற்றினார்.

"ஏன் தெரியுமா? பட்டியில உன் எழுத்து இருந்துச்சு. எம்பொண்ணு பாத்து அனுப்பின கொடி. பெட்டிக்குள்ள வச்சிட்டுச் சும்மா இருக்க முடியல."

மகள் வாயைத் திறந்தாள். அப்பா முந்திக்கொண்டார்.

"நீ பாத்ததுல குறை இருக்காது பாப்பா. அது எனக்குத் தெரியும். குறை என் கால்ல. இன்னும் ரெண்டு நிமிஷம் முன்னாடி ஏறியிருக்கணும்."

உறையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். பேச்சு முடிந்தது என்பதற்கு அந்த வீட்டில் அதுதான் அடையாளம்.

விடிந்ததும் அவள் நாற்காலி போட்டு ஏறி, பெட்டியைத் திறந்து, மேலாக இருந்த நூற்றுப் பதினெட்டை எடுத்துப் பையில் வைத்தாள். இவ்வளவு சீக்கிரம் எங்கே என்று அம்மா கேட்டாள். வேலை இருக்கிறது என்றாள். அப்பா வாசலில் உட்கார்ந்து விசாரணைக்குப் போட வேண்டிய செருப்புக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆய்வகத்தில் துப்புரவு செய்பவரைத் தவிர யாரும் வரவில்லை. வெள்ளை மேசையைத் துடைத்து, கொடியை விரித்தாள். ஒரு பக்கம் ஓரம் இல்லை. மற்றபடி முழுசாக இருந்தது. அளவுகோலை எடுத்துச் சின்னத்தின் மேல் வைத்து, பத்துக்கு நான்கு சென்டிமீட்டர் என்று பென்சிலால் கோடு போட்டாள். பென்சில் கோடே கண்ணை உறுத்தியது. கத்தரிக்கோலை எடுத்தாள். கீழே வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். மறுபடி எடுத்தாள்.

சாயம் உறுதியாக இருந்தால் என்ன செய்வது என்றும் ஒரு பயம் வந்தது. அப்போது அப்பா சொன்னது சரி, குற்றம் அப்பாவுடையதுதான். இல்லாவிட்டால் குற்றம் அவளுடையது. மூன்றாவது வழி இல்லை. யாருக்கு வரவேண்டும் என்று வேண்டிக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தாள். எந்தச் சாமிக்கு இந்தத் துறை என்று தெரியவில்லை.

வெட்டினாள். துணி துணியைப் போலத்தான் வெட்டுப்பட்டது. திரைச்சீலை வெட்டும்போது வருகிற அதே சத்தம். அதுதான் அவளைக் கலக்கிவிட்டது. ஏதாவது ஆகும் என்று மூன்று வருடமாக நினைத்திருந்தாள்.

துண்டை வெள்ளைத் துணியோடு சேர்த்துத் தைத்து, நனைத்து, பிழிந்து, இரண்டு தகடுகளுக்கு நடுவே வைத்து, ஐந்து கிலோ எடையை ஏற்றி, சூட்டுப் பெட்டிக்குள் தள்ளினாள். முப்பத்தேழு டிகிரி. மணி எட்டு ஐம்பது. பன்னிரண்டு ஐம்பதுக்கு எடுக்கலாம். அறிக்கை எழுதப் பத்து நிமிடம், பேருந்தில் நாற்பது நிமிடம். ஒரு பேருந்து தவறினால் எல்லாம் தவறும்.

ஒன்பதரைக்கு ஆய்வகத் தலைவி வந்தார். முழு மதிப்பெண் கொடுத்தால் சொத்து குறைந்துவிடும் என்பது போல நான்குக்கும் மூன்றுக்கும் நடுவே, மூன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே என்று எப்போதும் அரையிலேயே நிற்கிறவர். அரை மார்க் மேடம் என்பது அங்கே அவருக்குப் பெயர். முன்னால் சொல்வதில்லை. பதிவேட்டைப் புரட்டியவர், நூற்றுப் பதினெட்டு மறுபரிசோதனை என்ற வரியில் நின்றார். மேசையில் நடுவில் ஓட்டையோடு கிடந்த கொடியைப் பார்த்தார்.

"இது சாக்குல இல்ல இருக்கணும்? எங்கேருந்து வந்துச்சு?"

அவள் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. அதிகம் பேசிப் பழக்கமில்லாதவள், கோவையாக வரவில்லை. பஞ்சுத்துணியைப் பற்றிச் சொல்லிவிட்டுப் பெட்டியைப் பற்றிச் சொன்னாள், பெட்டியிலிருந்து அப்பாவின் காலுக்குப் போனாள். எத்தனை கொடி என்று மேடம் கேட்டார். இதைத் தவிர முப்பத்தொன்று என்றாள். மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். மேடம் திட்டவில்லை. சத்தமில்லாமல் கணக்குப் போட்டார். இது வெளியே போனால் ஆய்வகத்தின் அங்கீகாரம் போகும். பதினான்கு பேர் வேலை பார்க்கிறார்கள். அப்பாவுக்கு நான்கு மாதம்தானே இருக்கிறது, பெரியவரே ஒப்புக்கொள்கிறேன் என்கிறார், அதிகாரிகள் கொஞ்சம் கருணை காட்டினாலும் காட்டலாம். நீ சின்னப்பெண், உனக்கு முன்னால் முழு வாழ்க்கை கிடக்கிறது. இதையெல்லாம் மேடம் சூட்டுப் பெட்டியைப் பார்த்தபடியே சொன்னார்.

"மேடம்" என்றாள் அவள். "நூத்திப் பதினெட்டுல நானூறு கொடி. எல்லாம் பெட்டியில மடிச்சு வச்சிருக்காங்க. தேசிய நாளுக்கு இன்னும் அஞ்சு நாள்தான்."

மேடம் பதிவேட்டை மூடினார்.

"அன்னிக்கு மழை வந்தா நானூறு மாடியில எங்கப்பா மாதிரி நானூறு பேர் நிப்பாங்க."

 மேடம் எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பன்னிரண்டு ஐம்பதுக்குச் சரியாக வெளியே வந்தார். ஒன்றாக நின்று தகட்டைப் பிரித்தார்கள். கூட வைத்துத் தைத்த வெள்ளைத் துணியில், நீலம் யாரோ வரைந்து வைத்தது போலச் சின்னமாகவே பதிந்திருந்தது. கறைக்கு மதிப்பெண் போட உதவும் சாம்பல் நிற அளவு அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

"ஒண்ணு" என்றார் மேடம். அரை சேர்க்கவில்லை.

அவளுக்கு மூச்சு வந்தது. அப்பா பிழைத்தார் என்று நினைத்தாள். அடுத்த மூச்சு உடனே வரவில்லை.

அறிக்கையில் இரண்டு கையெழுத்து வேண்டும். மேடம் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவை அவளிடம் நீட்டினார். "முதல்ல நாலுன்னு போட்டவளும் நீதான். அதையும் அதுல எழுது. பாதியை மறைச்சு எழுதுற அறிக்கைல என் பேரு இருக்கக் கூடாது."

எழுதினாள்.

நீர் வாரிய அலுவலகத்தின் கூட்ட அறைக்குள் அவள் நுழைந்தபோது இரண்டு மணி கடந்து எட்டு நிமிடம். விசாரணை அதிகாரி தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அப்பா எதிரே நின்றுகொண்டிருந்தார். உட்காருங்கள் பெரியவரே என்று இரண்டு முறை சொல்லியும் உட்காரவில்லையாம். கடிதம் மேசைமேல் பிரித்துக் கிடந்தது. கறை படிந்த கொடி ஒரு கண்ணாடித்தாள் உறைக்குள் முத்திரையிட்டு இருந்தது. அப்பா அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

யார் இவர் என்று அதிகாரி கேட்டார். பரிசோதனை ஆய்வகம் என்றாள். இவருடைய மகள் என்பதையும் சொன்னாள். அதிகாரி புருவத்தைத் தூக்கினார். அறிக்கையை வாங்கி வாசித்தார். பாதிவரை வேகமாகப் போன கண்கள் பிறகு மெதுவாகின. திரும்பவும் மேலே போய் வாசித்தார்.

"நடுவுல வெட்டினதுல ஒண்ணு வந்திருக்கு. சரி. முதல்ல சோதிச்சப்போ ஏன் வெட்டல?"

அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. பார்த்தால் முடியாது என்று தெரியும்.

"மனசு வரல சார்."

"என்ன?"

"கொடியோட நடுவுல கத்திரி வைக்க மனசு வரல."

அதிகாரி படிவம் ஒன்றை இழுத்துப் பேனாவை அதன் கட்டங்களின் மேல் ஓட்டினார். "இதை நான் எந்தக் கட்டத்துல எழுதறதும்மா? இயந்திரக் கோளாறு, ஆள் பற்றாக்குறை, அலட்சியம். மூணுதான் இருக்கு."

"அலட்சியம்னு எழுதிக்குங்க சார்."

 அப்பா முதல் முறையாகத் திரும்பினார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும்.

"வெட்டினியா?" என்றார்.

"ஆமாப்பா."

"எங்க?"

"நடுவுல."

அப்பா தலையை ஆட்டினார். கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்பது போல இரண்டு தடவை. பிறகு அதிகாரியிடம், தன் கடிதத்தைத் திரும்பத் தரவேண்டாம் என்றார். "சாயம் எப்படியோ போகட்டும் ஐயா. மூணு நிமிஷம் மழையில விட்டது நான்தான். அது மாறாது."

அதிகாரி நல்லவர். அல்லது சாப்பிட்டுவிட்டு வந்தவர். மூன்று நிமிடத் தாமதத்துக்கு எச்சரிக்கை, கறைக்குப் பொறுப்பில்லை, பணிநீக்கம் ரத்து என்று எழுதினார். நூற்றுப் பதினெட்டில் ஒரு கொடியையும் ஏற்றக் கூடாது என்று உடனே தகவல் அனுப்பச் சொன்னார். கடைசியாக அவளிடம் கேட்டார். இதே மாதிரி வெட்டாமல் கையெழுத்துப் போட்டவை வேறு உண்டா?

"முப்பத்தொண்ணு" என்றாள்.

அப்பா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

பேருந்தில் அப்பா ஜன்னல் பக்கம். அவளுடைய கை அவருடைய கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மா, வேலை திரும்பக் கிடைத்துவிட்டதா என்று கேட்டாள். கிடைத்துவிட்டது என்றார் அப்பா. பிறகு ஏன் இரண்டு பேரும் எதையோ பறிகொடுத்த மாதிரி வந்திருக்கிறீர்கள் என்றாள் அம்மா. கேட்டுவிட்டுத் தேநீர் போடப் போனாள். அப்பா நேராக மகளின் அறைக்குப் போய் நாற்காலியில் ஏறினார். முழங்கால் நடுங்கியது. விடுங்கள், நான் எடுக்கிறேன் என்றாள். கேட்கவில்லை. பெட்டியை இறக்கிக் கட்டிலில் வைத்துத் திறந்தார். ஒவ்வொன்றாக எடுத்து, ஓரம் இல்லாத பக்கத்தை விரலால் தடவி, மறுபடி மடித்து வைத்தார். அவள் மடித்ததைவிட நன்றாக மடித்தார். முப்பத்தொன்றையும் முடிக்க இருட்டும்வரை ஆயிற்று. 

முப்பத்தொன்றையும் மறுபடி சோதிக்க, அடுத்த நாள் மேடம் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். வாரியத்திலிருந்து சாட்சிக்கு ஒரு பெண் அலுவலரும் வந்திருந்தார். மேடம் புதுக் கத்தரிக்கோல் ஒன்றை மேசையில் வைத்தார்.

"நீயே வெட்டு. நீயே வை. நீயே எழுது. முடிஞ்சதும் ராஜினாமாவை என் மேசையில வச்சிட்டுப் போ" என்றார். பிறகு குரலைத் தணித்து, "வேற யாரை வெட்டச் சொல்லட்டும், நீயே சொல்லு" என்றார்.

பெட்டியைக் கொண்டுவந்தவர் அப்பா. வழி முழுக்க இரண்டு கையாலும் மார்போடு பிடித்து வந்தார். பேருந்தில் இடம் கொடுத்தவரிடமும் பெட்டியைக் கீழே வைக்க முடியாது என்று மறுத்துவிட்டார். ஆய்வகத்துக்குள் வெளியாட்களுக்கு அனுமதி இல்லை. கதவருகே பெட்டியைக் கொடுத்துவிட்டுத் தாழ்வாரத்தில் நின்றார். அங்கே ஒரு பெஞ்சு இருந்தது.

முதல் கொடியை விரித்தாள். கோடு போட்டாள். வெட்டினாள். துண்டைத் தட்டில் வைத்தாள். இரண்டாவதை எடுக்கும்போது கதவின் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தாள்.

பெஞ்சுக்குப் பக்கத்தில் செருப்பு இரண்டும் ஜோடியாகக் கழற்றி வைத்திருந்தது. அப்பா வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நின்றார். கைகள் பக்கவாட்டில். முதுகு நிமிர்ந்து. மாடியில் கொடி இறங்கும்போது நிற்பது போல.

அவள் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள்.

"அப்பா, உக்காருங்க. நேரமாகும். கால் தாங்காது."

"நீ முடி" என்றார்.

"முப்பதும் வெட்டணும்பா. ரெண்டு மணி நேரம் ஆகும். தயவுசெஞ்சு உக்காருங்க."

"எறங்கி முடியிற வரைக்கும் நான் உக்காந்ததில்ல பாப்பா. போ. போய் முடி."

அவர் அவளைப் பார்த்துப் பேசவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேசையில் கிடந்த சிவப்பையும் வெள்ளையையும் பார்த்துப் பேசினார். நெற்றியில் அதற்குள் வியர்வை அரும்பியிருந்தது. இடது முழங்கால் லேசாக மடங்கி, மறுபடி நிமிர்ந்தது.

அவள் உள்ளே வந்தாள். கோடு போடாமலே வெட்டினாள். சாட்சிக்கு வந்த அலுவலர், அளவு எடுக்க வேண்டாமா என்று கேட்டார். கோடு இல்லாததால் மூன்றாவது கோணலாகப் போயிற்று. மேடம் வந்து அதை ஒதுக்கி வைத்து, பக்கத்திலேயே இன்னொரு துண்டு எடுக்கச் சொன்னார். அதே சின்னத்தில் இரண்டாவது தடவை. அவசரப்பட்டால் இரண்டு முறை வெட்ட வேண்டியிருந்தது. நிதானமாக வெட்டினால் அப்பா நிற்க வேண்டியிருந்தது.

நான்கு. ஐந்து. ஆறாவது கொடியின் சின்னம் தையலால் ஆனது. அச்சில்லை. நூலுக்கு ஏற்றிய சாயம் எளிதில் போகாது. அது எப்படியும் தேறிவிடும் என்று பார்த்ததுமே தெரிந்தது. அதையும் வெட்ட வேண்டும். வெட்டினாள். நூல்கள் பிரிந்து மேசையில் உதிர்ந்தன. அவற்றையும் பொறுக்கித் தட்டில் போட்டாள்.

அவள் மறுபடி கண்ணாடிப் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமலே தெரிந்தது. தாழ்வாரத்தில் யாரோ பெரியவரே உட்காருங்கள் என்று சொல்வது கேட்டது. பதில் கேட்கவில்லை. பெஞ்சு நகரும் சத்தமும் கேட்கவில்லை.

ஏழாவதை விரித்து, நடுவில் கத்தரிக்கோலை வைத்தாள். இன்னும் இருபத்துநான்கு இருந்தன.